வெள்ளிக்கிழமை எண்ணெயும் தைத்த முடியும்

தலையில் ஊசியும் நூலும் வைத்துத் தைத்துக்கொள்ள என் மருமகள் என்ன கிழிந்த தலையணை உறையா? அன்றைக்கே நான் கேட்டேன் என்றுதான் ரொம்ப நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அன்றைக்கு நான் எதையும் கேட்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கேள்வியெல்லாம் முடி கொட்டிய பிறகு வந்தது.

அவள் பெயர் நிரஞ்சனா. என் மகன் கதிரேசன் கட்டிக்கொண்டவள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். எதையாவது மாற்றி எழுதினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் மாற்ற மாட்டாள். அந்தத் துப்பு இருந்திருந்தால் அவள் முதலாளி மங்களத்தின் பேச்சைக் கேட்டு அந்த சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

அவள் பிறந்து வளர்ந்தது இங்கே சிங்கப்பூரில், செம்பவாங்கில். அப்பா மாசிலாமணி கப்பல் பட்டறையில் வடம் கட்டுகிற வேலை பார்த்தார். இவளுக்குப் பதினோரு வயது ஆனபோது அம்மா போய்விட்டாள். அதன் பிறகு தலை பின்னிவிட வீட்டில் ஆளில்லை. பள்ளிக்கூடத்துக்கு விரித்துப் போட்டுக்கொண்டு போக முடியுமா? மாசிலாமணியே பின்னினார். கப்பலைக் கட்டி இழுக்கிற கை அது. அவர் போட்ட பின்னல் மாலை வரைக்கும் ஓர் இழைகூட அசையாதாம். நெற்றித் தோல் பின்னால் இழுபட்டு, புருவம் மேலே ஏறி, பிள்ளை நாள் முழுக்க எதையோ கண்டு திடுக்கிட்டதுபோல் இருப்பாளாம். "ஏம்மா, நான் என்ன சொன்னாலும் இவ்வளவு ஆச்சரியப்படுற?" என்று டீச்சர் கேட்டாராம். மனிதர் நல்லவர்தான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் முடி என்றால் இழுத்துக் கட்ட வேண்டியது, வலித்தால்தான் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம் என்கிற புத்தி அங்கேயே ஏறிவிட்டது.

பன்னிரண்டு வயதில் தானே பின்னக் கற்றுக்கொண்டாள். பிறகு கூடப் படித்த பிள்ளைகளுக்குப் பின்னினாள். அதற்குப் பிறகு தீபாவளி வந்தால் அடுக்குமாடி பிளாக்கில் இருக்கிற பெண்களெல்லாம் இவள் வீட்டு வாசலில் சீப்பும் கையுமாக நின்றார்கள். தொழிற்கல்லூரியில் அழகுக்கலை படித்துவிட்டு, லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் மங்களம் வைத்திருக்கிற மணப்பெண் அலங்காரக் கடையில் சேர்ந்தாள். புடவை கட்டிவிடுவது, சவுரி வைத்துப் பின்னுவது, பூ ஜடை தைத்துப் பொருத்துவது எல்லாம் இவள் வேலை. பெண்ணின் அம்மாவோடு நின்று படம் எடுத்துக்கொள்வது மங்களத்தின் வேலை.

பெண் பார்க்கப் போனபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை. காபித் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினாளே, அப்போது பின்னலைப் பார்த்தேன். கைப்பிடிக்குள் அடங்காது. இடுப்பைத் தாண்டி இருந்தது. வீட்டுக்கு வந்ததும், "இந்தப் பொண்ணுதான்டா" என்றேன். கதிரேசன், "அவ என்ன வேலை பாக்கறான்னாவது கேட்டீங்களாம்மா?" என்றான். அதெல்லாம் எதற்கு?

ஆக, அந்தப் பின்னலைப் பார்த்துத்தான் மங்களம் வேலை கொடுத்தாள், அதைப் பார்த்துத்தான் நான் மருமகளாக்கிக்கொண்டேன். இரண்டாவது பிள்ளை பிறந்து நாலாவது மாதம் அது கொட்ட ஆரம்பித்தது. குளியலறைத் துளை அடைத்துக்கொண்டது. பிள்ளை பெற்றவளுக்குக் கொட்டும், பிறகு தானே வரும். இது உலகத்துக்கே தெரியும். மங்களத்துக்கு மட்டும் தெரியாது.

"வர்ற பொண்ணுங்க எல்லாம் முதல்ல உன் தலையத்தான் பாக்குதுங்க லா. நீதான் என் கடைக்கு போர்டு. போர்டே இப்படி எலிவால் மாதிரி இருந்தா எப்படி?" என்றாளாம். பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' போடுகிறவள். ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் ஒரு சலூனைச் சொல்லி அனுப்பினாள்.

அங்கே என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். இருக்கிற முடியை மண்டையோடு ஒட்டினாற்போல் மெல்லிய வரிசை வரிசையாக இறுக்கிப் பின்னினார்கள். அந்தப் பின்னல்மேல் யாரோ ஒருத்தியின் முடியைப் பட்டை பட்டையாக வைத்து, வளைந்த ஊசியால் நூல் கோத்துத் தைத்துவிட்டார்கள். ஐந்து மணி நேரம். அது யாருடைய முடி? ஊரில் கோயிலில் ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இறக்கிய முடியாகத்தான் இருக்கும். ஒருத்தி வேண்டாம் என்று சாமி காலில் போட்டதை இன்னொருத்தி கடல் தாண்டித் தலையில் தைத்துக்கொள்கிறாள். இதற்கு நாகரிகம் என்று பெயர்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவளைப் பார்த்ததும், முன்னே சொன்னேனே, வாயைப் பிளந்தேன். பெண் பார்த்த அன்றைக்கு இருந்ததைவிடவும் நீளம். நான்தான் மிளகாய் சுற்றிப் போட்டேன். போதாதென்று காதுக்குப் பின்னால் மைப் பொட்டு வைத்தேன். அடுத்த வீட்டு சம்சுன்னிசாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சம்சுன்னிசா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா இந்தப் புள்ள ஏன் கண்ண சிமிட்டாம நிக்குது?" என்றாள்.

சிமிட்ட முடியவில்லை. அவ்வளவு இறுக்கம். முதல் வாரம் தலையைத் தலையணையில் வைக்க முடியாமல் சோபாவில் சாய்ந்தபடியே தூங்கினாள். வலிக்குப் பெனடால் மாத்திரை முழுங்கிவிட்டு வேலைக்குப் போனாள். நெற்றி ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தது. "வலிக்குதாம்மா?" என்று கேட்டால், "புதுசுல அப்படித்தான் அத்தை. சரியாயிடும்" என்றாள். மாசிலாமணி மகளல்லவா?

இனிமேல்தான் என் பங்கு வருகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சலூனில் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை இவள் ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். தினமும் பால் எடுக்கும்போது அதைப் பார்ப்பேன். படம்கூட இல்லாத தாள். எனக்கு அது சுவருக்குச் சமம். அதில் எழுதியிருந்தது என்னவென்றால், வேரில் எண்ணெய் படக்கூடாது, கழுவினால் உடனே உள்வரை காயவைக்க வேண்டும், எட்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

முதல் வெள்ளிக்கிழமை நல்லெண்ணெயை மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிக்கொண்டு வந்து, "உக்காரு" என்றேன்.

"எண்ணெய் வேணாம்னு சொன்னாங்க அத்தை."

"யாரு?"

"சலூன்ல."

"அவங்க வீட்ல எல்லாம் வெள்ளிக்கிழமையே வராதா? கட்டின நாள்லேர்ந்து இந்த வீட்ல எண்ணெய் வைக்காத வெள்ளி உண்டா? உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தைத்த பட்டைகளுக்கு நடுவில் விரல் நுழையாது. அதற்காக விடுவேனா? இடுக்கு இடுக்காக எண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். அரைமணி நேரம் ஊறவைத்து, அரப்புப் பொடியும் சீயக்காயும் கரைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். மேலே மேலே துண்டால் துவட்டி, சாம்பிராணி காட்டினேன். மேல்முடி காய்ந்தது. அடிப்பின்னல் ஈரம் அப்படியே உள்ளே நின்றது. மறு வெள்ளிக்கு அதே. அதற்கு மறு வெள்ளிக்கும் அதே.

மார்கழி பிறந்தபோது எட்டு வாரம் ஆகிவிட்டது. பிரித்திருக்க வேண்டும். மங்களம் விட்டாளா? "தை மாசம் முகூர்த்தம் எல்லாம் வரிசையா நிக்குது. இப்பப் போய் பிரிச்சுட்டு மொட்டையா நிக்கப்போறியா? தை முடியட்டும் லா." இவளும் சரி என்றாள். வேர்முடி வளர வளரத் தைத்த முடி அதில் தொங்கி, கனம் முழுக்க நெற்றி ஓரத்தில் இறங்கியது.

பிறகு வாடை வர ஆரம்பித்தது. கதிரேசன் கறிச்சட்டியைத் திறந்து பார்த்தான். ஷூ அலமாரியைத் திறந்து பார்த்தான். "என்னம்மா இது, மழையில நனைஞ்ச கோணிப்பை மாதிரி ஒரு நாத்தம்?" என்றான். இவள் முகம் சுருங்கிப்போனது. அன்றிலிருந்து தினமும் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டாள். கோணிப்பையில் மல்லிகை வைத்தால் என்ன வாடை வரும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமா? தெம்பனிஸில் நாங்கள் குடியிருக்கிற பிளாக்கின் லிப்டுக்குள் தெரிந்தது.

மாசி பிறந்ததும் சலூனுக்குப் போனாள். பிரிக்கிறோம், ஆனால் உடனே புதிதாகத் தைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் முடி குறைந்திருப்பது வெளியே தெரியும் என்றார்களாம். கிழித்தவனே ஒட்டுப்போட வருகிற கதை. அதற்கு மட்டும் இவளுக்குப் புத்தி வேலை செய்தது, எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் ஒருகாலத்தில் ரவிக்கை தைத்தவள். தையல் பிரிக்கிற கொக்கி இன்னும் என் டப்பாவில் இருக்கிறது. சமையலறை வாசலில் முக்காலி போட்டு அவளை உட்கார வைத்து, முதல் நூலை அறுத்தேன். பட்டையைத் தூக்கினேன். அடியில் என்ன இருந்தது தெரியுமா? என் அரப்புப் பொடி. நாலு மாத வெள்ளிக்கிழமைப் பொடியும் எண்ணெயும் சேர்ந்து சிமெண்டுபோல் இறுகி, பச்சை பூத்துக் கிடந்தது. பட்டையைத் தூக்கத் தூக்க முடியும் கூடவே வந்தது. அறுந்து வரவில்லை, பிடுங்கிக்கொண்டு வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து நெற்றியின் இரண்டு பொட்டிலும் என் உள்ளங்கை அளவு வெறும் தோல்.

அவள் கைக்கண்ணாடியில் பார்த்தாள். தரையில் கிடந்த பொடிக்கட்டி ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினாள்.

"இது அரப்புதானே அத்தை?"

"எல்லாம் அந்த மங்களத்தால வந்தது" என்றேன்.

அவள் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் அந்தக் கட்டிகளைப் பெருக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

தோல் டாக்டர் ஷபானா சின்னப் பெண். நம்ம பேச்சுத்தான் பேசியது. விளக்கு வைத்த கண்ணாடியைத் தலையில் ஒட்டி வைத்து வைத்துப் பார்த்தது.

"இழுத்து இழுத்து வேர் களைச்சுப் போச்சு. மேல பூஞ்சை வேற பிடிச்சிருக்கு, அதுக்கு மருந்து தரேன். வலது பக்கம் சின்ன இடத்துல துளையே மூடியிருக்கு, அங்க வராது. மத்த இடத்துல இன்னும் உயிர் இருக்கு அக்கா. ஆனா ஒரு வருஷத்துக்கு எதுவும் இழுக்கக்கூடாது. தையல் கிடையாது, சவுரி கிடையாது, இறுக்கிப் பின்னல் கிடையாது. இன்னொரு தடவை தைச்சீங்கன்னா அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பி, "பாட்டி, எண்ணெய் யாரு வச்சது?" என்றது.

"எண்ணெய் ஒன்னும் செய்யாது" என்றேன்.

"எண்ணெய் ஒன்னும் செய்யல பாட்டி. காயவிடாம மூடி வச்சதுதான் செஞ்சது."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றேன். நிரஞ்சனா கூரையைப் பார்த்தாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வைத்தியர்கள் வந்தார்கள். எல்லோரும் இலவசம். ஒருத்தி சின்ன வெங்காயம் அரைத்துப் பூசு என்றாள். ஒருத்தி செம்பருத்தி என்றாள். சம்சுன்னிசா கருஞ்சீரக எண்ணெய் ஒரு புட்டி கொண்டு வந்தாள். ஒருத்தி, "எந்தக் கண்ணு பட்டுச்சோ" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, போகும்போது லிப்டில் இன்னொருத்தியிடம், "புருஷன் வீட்ல ஏதோ பிரச்சனை போல" என்றாளாம். முடி கொட்டினால் அதற்கும் புருஷன் வீடு. அவர்களைச் சொல்லி என்ன? என்னைவிட்டால் நானே நாலு இலை அரைத்திருப்பேன். இவள் எல்லாவற்றையும் வாங்கி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மூடினாள். டாக்டர் கொடுத்த மருந்துத் தண்ணியை மட்டும் காலையும் மாலையும் ஆறு ஆறு சொட்டு வைத்துக்கொண்டாள்.

மீதி முடியின் கனம்கூட வேரை இழுக்கக்கூடாது என்று, ஒருநாள் தாடை அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். தாலி கட்டியவள் தலையில் கத்தரி வைக்கலாமா? மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. நாலாவது நாள் உப்பு டப்பா எங்கே என்று கேட்க வேண்டியிருந்ததால் பேசினேன்.

தையல் பிரித்ததிலிருந்து இவள் கடைக்கு லீவு சொல்லியிருந்தாள். சித்திரையில் மங்களம் வீட்டுக்கே வந்தாள். எங்கள் சோபாவில் உட்கார்ந்து, இவள் தலையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தாள்.

"ஐயோ, இதென்ன கோலம்! வைகாசியில அமலா கல்யாணம் இருக்கு. உன்னைத்தான் கேட்டிருக்கு அந்தப் பொண்ணு. இந்தத் தலையோட போய் மணப்பொண்ணு உச்சியில கை வைப்பியா? அபசகுனம்னு அவ அம்மா என்னை வெளிய தள்ளிடும்."

"டாக்டர் ஒரு வருஷம் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அக்கா."

"டாக்டர் வந்து பூ ஜடை தைக்குமா? இங்க பாரு நிரஞ்சனா. வைகாசிக்குள்ள தைச்சுக்கிட்டு வா. இல்லாட்டி வராதே. அவ்வளவுதான் லா."

எனக்கு வாய் துறுதுறு என்றது. "மங்களம், உன் தலையில இருக்கறது உன்னுதா?" என்று கேட்டேன். அவள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கேள்வி வேலையைக் காப்பாற்றுமா?

இவளுக்கு அந்த வேலைதான் உயிர். வேறு எதற்கும் இவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு பெண்ணுக்குப் பின்னி முடித்துக் கடைசிப் பூவைக் குத்தியதும், இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பாளே, அதற்காகவே வாழ்கிறவள். தைத்தால் முடி போகும், தைக்காவிட்டால் வேலை போகும். ஒரு வாரம் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். பிறகு கதிரேசன்தான் சொன்னான். சனிக்கிழமைக்கு சலூனில் நேரம் வாங்கிவிட்டாளாம்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் அடுப்படியில் பேசாமல் இருந்தேன். தையல் பிரித்த நாளிலிருந்து நான் எண்ணெய் காய்ச்சுவதில்லை. இவள் அந்தச் சின்ன முக்காலியை இழுத்து எனக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, கொஞ்சம் எண்ணெய் வைங்க. நாளைக்குத் தைச்சுட்டா அப்புறம் முடியாது."

"போதும்மா நான் வச்சது."

"எனக்கு அப்பவே தெரியும் அத்தை, வைக்கக்கூடாதுன்னு. அந்தத் தாளை நான்தானே ஒட்டினேன்."

"பின்ன ஏன்டி சொல்லல? ஒரு தடவை சொல்லிட்டு ஏன் வாய மூடிக்கிட்டு உக்காந்தே?"

அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மா போனதுக்கு அப்புறம் எனக்கு யாரும் தலையில எண்ணெய் வச்சது இல்ல. இங்க வந்துதான். நீங்க கை வச்சா தூக்கம் வரும். அதான் சொல்லல."

அடுப்பைப் பற்றவைத்தேன். எண்ணெயை இளஞ்சூடாகக் காய்ச்சி விரல்நுனியில் தொட்டு, முதலில் உச்சியில் வைத்தேன். பிறகு பயந்து பயந்து ஓரத்துக்குப் போனேன். இடது பொட்டில் விரல் போனதும் ஏதோ குத்தியது.

"ஏம்மா, சவரம் ஏதாவது செஞ்சியா?"

"என்ன அத்தை பேசறீங்க?"

"இங்க குத்துதே."

அவள் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்தேன். தடவினாள். மறுபடியும் தடவினாள். எண்ணெய்த் தலையோடு எழுந்து ஓடி, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். கடுகு தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். அதில் சிலது பிறந்த பிள்ளைக்கு இருக்கிற பூனைமுடிபோல் நீட்டிக்கொண்டும் இருந்தது. வலது பக்கம் நடுவில் புளியங்கொட்டை அளவு இடம் மட்டும் வழுவழு என்று இருந்தது. டாக்டர் சொன்ன இடம்.

எண்ணெய்க் கையோடு போனை எடுத்து சனிக்கிழமை நேரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அடுத்து அந்த மணப்பெண் அமலாவையே முகம் பார்த்துப் பேசுகிற போனில் கூப்பிட்டாள். தலையைக் குனிந்து நாலு பக்கமும் காட்டினாள்.

"அமலா, என் தலை இப்ப இப்படித்தான் இருக்கு. நான் வரணுமா வேணாமான்னு நீயே சொல்லிடும்மா. மனசுல எதுவும் வச்சுக்க மாட்டேன்."

அந்தப் பெண் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தது. "அக்கா, என் தலையை நீங்க பின்னப் போறீங்க. உங்க தலையை நானா பின்னப் போறேன்? வாங்க" என்றது.

கேலாங் சிவன் கோயிலில் முகூர்த்தம். அமலாவின் அம்மா விசாலாட்சி எனக்குக் கோயில் பழக்கம், அதனால் எனக்கும் அழைப்பு இருந்தது. ஏழு மணிக்கு அலங்கார அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நிரஞ்சனா உள்ளே வந்தாள். துணி கட்டவில்லை. பட்டுப்புடவை, தாடை அளவு முடி, இரண்டு பக்கமும் அந்த வெற்றிடம். மங்களம் கையில் இருந்த சாந்துக் குப்பியைக் கீழே போட்டாள்.

விசாலாட்சி வந்து பார்த்துவிட்டு, "யாரு இது? நல்ல காரியத்துல மொட்டையும் சொட்டையுமா... என் மக தலையில இவ கை வைக்கணுமா?" என்றாள்.

"அம்மா, கையை பாரும்மா. தலையை ஏன் பாக்கறே?" என்று அமலா கண்ணாடிக்குள்ளிருந்தே சொன்னது.

மங்களம் சமாளிக்கிறாளாம், பையைத் திறந்து முடிப்பட்டைகளையும் வளைந்த ஊசியையும் எடுத்து வைத்தாள். "சரி சரி, நேரமாச்சு. பூ ஜடை கனம். பொண்ணுக்கு முடி மெல்லிசு, தாங்காது. ஓரத்துல நாலு வரி பின்னித் தைச்சுடு நிரஞ்சனா."

நிரஞ்சனா ஊசியை எடுத்து மங்களத்தின் பைக்குள்ளேயே திரும்பப் போட்டாள். "நான் தைக்க மாட்டேன் அக்கா."

பிறகு அவள் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். அமலாவின் முடியைப் பின்கழுத்தில் தளர்வாக முடிந்தாள். அகலமான பட்டு நாடா ஒன்றை இரண்டு தோளிலும் ரவிக்கைக்கு அடியில் ஓடவிட்டு முதுகில் இணைத்தாள். பூ ஜடையின் மேல் நுனியை அந்த நாடாவில் கட்டினாள். நடுப்பகுதியை ரவிக்கையில் குத்தி, கீழ் நுனியை ஒட்டியாணத்தோடு பிணைத்தாள். கனமெல்லாம் தோளிலும் இடுப்பிலும் இறங்கியது. தலைக்கு வெறும் பூவும் ராக்கொடியும்தான். முடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஆட்டிப் பாரும்மா."

அமலா தலையை ஆட்டியது. ஜடை அசையவில்லை. "வலிக்கவே இல்லக்கா" என்றது. விசாலாட்சி மகளின் புடவை மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

மங்களம் வாசலில் வைத்து, "நாளைலேர்ந்து கடைக்கு வராதே" என்றாள்.

"சரிக்கா. அந்த மர சீப்பை எடுத்துக் குடுங்க, அது என்னுது."

மண்டபத்தில் எனக்குப் பின்வரிசையில் யாரோ, "அந்த அலங்காரம் பண்ண வந்ததைப் பாத்தியா? பையன் மாதிரி" என்றாள். திரும்பி, "என் மருமக" என்றேன். பிறகு அந்த வரிசையில் தாலி கட்டும்வரை பேச்சில்லை. அமலா விழுந்து கும்பிட்டு எழுந்தபோது நான் மணமகனைப் பார்க்கவில்லை, ஜடையைப் பார்த்தேன். எனக்கு அந்தப் புத்தி போகாது. ஜடை அப்படியே நின்றது.

இப்போது ஐப்பசி. மங்களத்தின் கடையில் இன்னும் தைக்கிறார்கள். போர்டுக்கு வேறு ஒரு பெண் கிடைத்திருக்கிறாள், அவளும் கண்ணைச் சிமிட்டுவதில்லையாம். நிரஞ்சனாவைத் தேடி மணப்பெண்கள் தெம்பனிஸ் வீட்டுக்கே வருகிறார்கள். எல்லா வாரமும் இல்லை, சில மாதம் இரண்டு பேர்தான். வருகிறவர்களின் தலையை முதலில் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சீப்பை எடுக்கிறாள். இடது பக்கம் அவளுக்கு விரல்கடை நீளம் வந்துவிட்டது. வலது பக்கம் அந்தப் புளியங்கொட்டை இடம் அப்படியே இருக்கிறது. அதை மறைக்க அவள் முடியை அந்தப் பக்கம் சீவுவதும் இல்லை. நான்தான் சீவிவிடுவேன். அவள் திரும்பத் தள்ளிவிடுவாள்.

வெள்ளிக்கிழமைகளில் முக்காலி வருகிறது. எண்ணெய் அரைமணி நேரம், பிறகு கழுவி, விசிறிக்கு முன்னால் வேர் வரை காயவைக்க வேண்டும். டாக்டர் ஷபானா சொன்ன கணக்கு. ஐஸ்பெட்டிக் கதவில் இப்போது வேறு தாள் ஒட்டியிருக்கிறாள். அதில் எனக்காகவே ஒரு பானையும், ஒரு விசிறியும், பொடி டப்பாமேல் பெரிய பெருக்கல் குறியும் வரைந்து வைத்திருக்கிறாள். முடி காய்ந்ததும் மருந்துத் தண்ணிப் புட்டியை என்னிடம் நீட்டுகிறாள்.

"ஆறு சொட்டு அத்தை. ஏழாவது சொட்டு விட்டீங்கன்னா எனக்குத் தெரியும்."

ஆறுதான் விடுகிறேன். பொடியை அப்படி அள்ளிப் போட்டது தப்புதான், சொல்லிவிட்டேன். ஆனால் எண்ணெய்மேல் எந்தக் குற்றமும் இல்லை. என்ன, பேனாவை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாய்? எழுது.